ஓட்டு எந்த ஊரில்?

பன்னிரண்டு வருஷமாகச் சோழிங்கநல்லூரில் இருக்கிறேன். ஓட்டு மட்டும் கீழ்வேளூரில். தேர்தல் வந்தால் முதல் நாள் ராத்திரி பஸ்ஸில் நின்றுகொண்டாவது போய்ப் போட்டுவிட்டு வருவேன். அதில் கொஞ்சம் பெருமையும் உண்டு.

போன மாதம் அப்பாவிடம், ஓட்டை இங்கே மாத்திக்கலாமா என்று கேட்டேன். "மாத்திக்கடா. அப்புறம் இங்க நீ விருந்தாளிதான்" என்றார்.

கணக்குப் பார்த்தால் மாற்றுவது நஷ்டம்தான். 2021 தேர்தலில் சோழிங்கநல்லூரில் கிட்டத்தட்ட 7 லட்சம் வாக்காளர்கள். கீழ்வேளூரில் 2 லட்சத்துக்கும் குறைவு. இரண்டு இடத்துக்கும் எம்எல்ஏ ஒருவர்தான். என் ஓட்டு நாகப்பட்டினத்தில் பஸ் ஏறி இங்கே வந்து இறங்குவதற்குள் கிட்டத்தட்ட நான்கில் ஒரு பங்காக இளைத்துவிடுகிறது. தொகுதிகளின் மக்கள்தொகை முடிந்தவரை ஒரே அளவில் இருக்க வேண்டும் என்று அரசியலமைப்பின் 170ஆவது பிரிவு சொல்கிறது. ஆனால் 2008இல் நடைமுறைக்கு வந்த எல்லைகள் 2001 கணக்கெடுப்பை வைத்து வரையப்பட்டவை. ஓஎம்ஆரில் இத்தனை அடுக்குமாடிகள் முளைத்தது அதற்குப் பிறகு. எங்கள் தொழில் பாஷையில் சொன்னால், இன்னும் பழைய கேஷிலிருந்துதான் பக்கம் திறக்கிறது.

ஆனால் எடை அதிகம் என்பதற்காக ஓட்டை அங்கேயே வைத்துக்கொள்வது சரியா? என்னை உறுத்தியது வேறொரு சட்டம். 1950ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டப்படி, வழக்கமாக வசிக்கிற இடத்தில்தான் வாக்காளராகப் பதிய வேண்டும். ஊரில் சொந்த வீடு இருப்பது மட்டும் அதற்குப் போதாது. எம்எல்ஏ வேட்பாளருக்கு இந்தக் கட்டாயம் இல்லை. மாநிலத்தின் ஏதாவது ஒரு தொகுதியில் அவர் வாக்காளராக இருந்தால் போதும்.

முதலில் எரிச்சல்தான் வந்தது. ஓட்டுப் போடுறவன் அங்கேயே இருக்கணும், ஜெயிக்கிறவர் எங்கே வேணா இருக்கலாமா? யோசித்தபோது அதில் ஒரு நியாயம் தெரிந்தது. பிரதிநிதி எங்கிருந்து வந்தாலும், அவரை வைத்துக்கொள்வதா அனுப்புவதா என்று முடிவெடுப்பவர்கள் விளைவை அனுபவிப்பவர்களாக இருக்க வேண்டும்.

கீழ்வேளூரில் விளைவு என்பது கடைமடைக்குத் தண்ணீர் வருவது, வடிகால் தூர்வாருவது, கொள்முதல் நிலையத்தில் நெல் நனையாமல் இருப்பது. அப்பாவின் நெல் நனைந்தால் எனக்கும் வலிக்கும். ஆனால் மாதக் கடைசியில் என் சம்பளம் வந்துவிடும். நான் தப்பாகத் தேர்ந்தெடுத்தால் நஷ்டம் பக்கத்து வயல்காரருக்கு. இங்கேயோ லாரித் தண்ணீருக்குக் காத்திருப்பதும் நான், மழைக்குப் பயந்து பைக்கை மேடேற்றுவதும் நான். ஆனால் இந்த எம்எல்ஏவைக் கேள்வி கேட்க என் பெயர் பட்டியலில் இல்லை.

எங்கள் அடுக்குமாடி வாட்ச்மேன் ஒடிசாக்காரர். அவருக்கும் இங்கே ஓட்டு இல்லை. அடுத்த வருஷம் எந்த ஊரில் வேலை என்றே அவருக்குத் தெரியாது. எனக்கு அப்படி ஒரு காரணமும் கிடையாது. ஊரை விட்டு வந்துவிட்டேன் என்று ஒப்புக்கொள்ளத் தயங்கினேன், அவ்வளவுதான். அந்தத் தயக்கத்துக்கு ஒரு தொகுதியின் முடிவில் பங்கு கேட்பது நியாயமாகப் படவில்லை.

நேற்று படிவம் 8ஐ நிரப்பி அனுப்பிவிட்டு ஊருக்குப் போன் செய்தேன். அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "சரி, பொங்கலுக்கு எப்ப வர?" என்றார்.