மலைப்பாதையில் மோட்டாரும் பிறர் சிநேகமும்



பள்ளிக்கூட விடுமுறை வந்துவிட்டால் நம் கள்ளிக்குப்பத்துக் குடும்பங்கள் பல சொந்த மோட்டாரிலேயே ஏலகிரிக்கும் ஏற்காட்டுக்கும் உதகைக்கும் புறப்படுகின்றன. ஜெபமாலையைக் கண்ணாடியில் தொங்கவிட்டு, அர்ச். கிறிஸ்தோப்பரை வேண்டிக்கொண்டு கிளம்புவது நல்ல வழக்கமே. ஆனால் நம் கவனக்குறைவுக்கு ஈடாக நிற்கும்படி அர்ச்சியசிஷ்டவர்களைக் கேட்பது பக்தியாகாது. ஓட்டத் தெரிந்துகொள்வதும் ஐந்தாம் கற்பனையின் கடமையே.

அம்பத்தூரிலிருந்து செங்குன்றம் வரை நாளெல்லாம் ஓட்டினாலும் ஒரு கொண்டை ஊசி வளைவைக் காணமாட்டோம். ஏலகிரியிலோ அப்படிப்பட்ட வளைவுகள் 14, கொல்லிமலையில் 70. ஆகையால் மலை ஏறுமுன் மூன்று காரியங்களை அறிந்துகொள்ளுங்கள்.

முதலாவது, ஏற்றம். இப்போது உங்களில் பலர் வைத்திருப்பது டர்போ டீசல் மோட்டார். டர்போ என்பது இஞ்சினிலிருந்து வெளியேறும் புகையின் விசையால் சுழலும் ஒரு சிறு சக்கரம். அது வெளிக்காற்றை அழுத்தி இஞ்சினுக்குள் தள்ளுகிறது. சுவிட்சர்லாந்து தேசத்து இஞ்சினியர் ஆல்பிரட் பூக்கி 1905-ல் இதற்குக் காப்புரிமை பெற்றார். ஏழாயிரம் அடிக்கு மேலுள்ள உதகையில் காற்றின் அடர்த்தி ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. அந்தக் குறையை டர்போ பெரிதும் ஈடு செய்கிறது. ஆனால் இஞ்சின் மந்தமாய்ச் சுற்றும்போது புகையில் விசை இராது, டர்போவும் உறங்கும். மூன்றாம் கியரிலேயே வளைவில் நுழைந்து, வண்டி இழுக்கவில்லையே என்று ஆக்சிலேட்டரை அழுத்தினால், ஒரு கணம் ஒன்றும் நடவாது; மறுகணம் வண்டி பாயும். வளைவுக்கு முன்னமே இரண்டாம் கியருக்கு வாருங்கள். வேண்டுமானால் முதல் கியருக்கும் வாருங்கள். உச்சி சேர்ந்தவுடன் சாவியைத் திருப்பி நிறுத்திவிடாமல், ஒரு நிமிஷம் இஞ்சினைச் சும்மா ஓடவிடுங்கள். சூடேறிய டர்போவை ஆயில் ஓடிக் குளிரச் செய்யும்.

இரண்டாவது, இறக்கம். ஏறியதைவிட இறங்குவதில்தான் ஆபத்து அதிகம். எந்தக் கியரில் ஏறினீர்களோ அந்தக் கியரிலேயே இறங்குங்கள் என்பது பழைய டிரைவர்களின் பாடம். டீசல் மிச்சமாகும் என்று நியூட்ரலில் விடுகிறவர்கள் ஏமாந்துபோகிறார்கள். கியரில் இருக்க, ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால், இக்காலத்து இஞ்சின் டீசலை அறவே நிறுத்திக்கொள்ளும். நியூட்ரலிலோ எரித்துக்கொண்டே இருக்கும். அன்றியும், இஞ்சின் வண்டியைப் பிடித்துவைக்காதபோது பாரமெல்லாம் பிரேக்கின்மேல் விழுகிறது. ஓயாமல் மிதித்தால் பிரேக்கு காய்ந்து பிடிப்பை இழக்கும். அதன் எண்ணெய் கொதித்தால் பெடல் தரைவரை அமுங்கும். நம் பக்கத்துப் பாடியில் பிரேக்ஸ் இந்தியா கம்பெனி தொடங்கியது 1962-ல். அங்கே வேலை பார்த்தவர் உங்கள் தெருவில் இருந்தால் கேட்டுப்பாருங்கள், இதையே சொல்வார். தீய்ந்த வாடை வந்தால் ஓரமாய் நிறுத்தி ஆறவிடுங்கள். குறுகிய பாதையில் ஏறிவரும் வண்டிக்கு இறங்குகிறவர் வழிவிட வேண்டும் என்பது சட்டம்.

2018 அக்டோபரில் சென்னையிலிருந்து போன ஏழு பேர், உதகைக்கும் மசினகுடிக்கும் இடையே 36 கொண்டை ஊசி வளைவுகளுள்ள கல்லட்டிப் பாதையில் இறங்கும்போது, அவர்களுடைய மோட்டார் பள்ளத்தில் விழுந்தது. இரண்டு நாளுக்குப் பிறகே கண்டுபிடித்தார்கள். ஐவர் மாண்டிருந்தார்கள், இருவர் உயிரோடிருந்தார்கள். அவர்கள்மேல் தீர்ப்புச் சொல்வது நம் வேலையல்ல. ஆனால் வீட்டில் காத்திருந்தவர்களுக்கு அந்த இரண்டு நாள் எப்படிக் கழிந்திருக்கும் என்று நினைத்துப்பாருங்கள்.

மூன்றாவது, முகப்பு விளக்கு. பிரைட் வெளிச்சம் ஆளில்லாத பாதைக்கு உரியது. எதிரே வண்டி கண்டவுடன் டிம் செய்ய வேண்டும். ஆயினும் டிம் செய்தும் கண்ணைக் கூசவைக்கிற வண்டிகள் உண்டு. காரணம் யாதெனில், பின்னால் ஆளும் பெட்டியும் நிறைந்தால் வண்டியின் மூக்கு நிமிர்கிறது. வெளிச்சமும் அதோடு உயர்ந்து எதிராளியின் கண்ணில் அடிக்கிறது. இதற்காகவே பல மோட்டார்களில் ஸ்டியரிங்குக்கு அருகே 0, 1, 2, 3 என்று எண்ணிட்ட சிறு திருகு ஒன்று இருக்கிறது. பாரம் ஏற ஏற எண்ணைக் கூட்டினால் வெளிச்சம் தாழும். எத்தனையோ பேர் வண்டி வாங்கின நாள் முதல் அதைத் தொட்டதேயில்லை!

மூடுபனியில் பிரைட் போட்டால் பனியே வெள்ளைச் சுவராகித் திருப்பி அடிக்கும், டிம்மே நல்லது. வளைவில் விளக்கு நேரே பள்ளத்தைக் காட்டுமேயன்றித் திரும்பும் பாதையைக் காட்டாது. ஆதலால் வெளிச்சம் எட்டுமட்டும் வேகம் வையுங்கள். எதிரே வருகிறவர் டிம் செய்யாவிட்டால், நாமும் பிரைட் போட்டுப் பழிவாங்கக்கூடாது. அப்போது பாதையில் இரண்டு குருடர் ஆவார்கள். வேகத்தைக் குறைத்துப் பாதையின் இடது ஓரத்தைப் பார்த்துப் போங்கள்.

பிரியமானவர்களே, வண்டியின் பலமும் வெளிச்சமும் சர்வேசுரன் தந்த புத்தியால் மனிதன் அடைந்தவை. பலத்தை அடக்கி ஆள்வதும், வெளிச்சத்தைப் பிறனுக்காகத் தாழ்த்துவதும் பிறர் சிநேகம். இருட்டில் எதிரே வருகிறவர் யாரென்று நமக்குத் தெரியாது; ஆயினும் அவரும் ஒரு தகப்பன், அவர் வண்டியிலும் பிள்ளைகள் தூங்கிக்கொண்டிருக்கலாம்.

தகப்பன்மாரே, கடைசியாக ஒரு வார்த்தை. இறக்கத்தில் உங்கள் மனைவியோ பிள்ளையோ, “மெதுவாய்ப் போங்கள்” என்று சொன்னால் கோபித்துக்கொள்ளாதீர்கள். “எனக்குத் தெரியும்” என்ற ஆங்காரத்தை அடக்கிக் கியரைக் குறையுங்கள். இரவில் ஆத்தும சோதனை செய்யும்போது, இன்று என் அவசரத்தால் யாரைப் பயப்படுத்தினேன், என் வெளிச்சத்தால் யாரைக் குருடாக்கினேன் என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

நீங்கள் அனைவரும் சுகமாய்ப் போய், சுகமாய்த் திரும்பி, அடுத்த ஞாயிறு பூசைக்கு ஒரு தலையும் குறையாமல் வந்து சேரச் சர்வேசுரன் உங்களை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.