'முடியும்' என்னும் சொல்லும் வாய்மையும்

"இந்த வேலை எத்தனை நாளில் முடியும்?" இவ்வினா நம் குடும்பத்தாரை அன்றாடம் எதிர்கொள்கிறது. உழவராயினும், ஆசிரியராயினும், கணினி நிறுவனத்தில் பணிபுரியும் நம் இளைஞராயினும் இதற்கு விடையளித்தே ஆக வேண்டும். பத்து நாள் பணி என்று உள்ளம் அறிந்திருந்தும், மேலாளரின் முகக்குறிப்பை நோக்கி, "ஐந்து நாளில் முடித்துவிடுகிறோம்" என்கிறோம். இது பணிவா, பொய்யா என்று சிந்திக்கக் கடமைப்பட்டுள்ளோம்.

பாண்டி நாட்டு அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரம் வானம் பார்த்த பூமி. அங்குள்ள குரண்டியில் திருக்காட்டாம்பள்ளி என்னும் சமணப் பள்ளி ஒருகாலத்தில் சிறந்து விளங்கியது. அதைச் சார்ந்த அறவோர் பெயர்களை மதுரைக் குன்றுகளின் வட்டெழுத்துக் கல்வெட்டுகளில் இன்றும் காண்கிறோம். அம்மண்ணின் தொழில்களே நம் வினாவுக்கு விளக்கம் தருகின்றன.

அருப்புக்கோட்டை நெசவுக்குப் பெயர் பெற்ற ஊர். கைத்தறியில் நெய்யும் நாள்களை மட்டும் எண்ணினால் கணக்குத் தவறும். நூலுக்குச் சாயம் ஏற்ற வேண்டும். பாவு ஓட்ட வேண்டும். அதனைத் தெருவில் நீட்டிக் கஞ்சியிட்டு உலர்த்த வேண்டும். பின்னரே தறியில் பிணைக்க இயலும். பாவு உலர வெயில் வேண்டும். தீபாவளி வரும் ஐப்பசியிலோ பருவமழை தொடங்கிவிடும். ஆகவே மழை நாள்களையும் சேர்த்துச் சொல்வதே மெய்யான கணக்கு. அதனைச் சோம்பல் என்று கருதி வணிகர் நாளைப் பாதியாக்கினால் வெயில் கூடிவிடுவதில்லை. நெய்பவரின் உறக்கமே குறைகிறது.

உறக்கத்தோடு நில்லாமல் உயிரையே கேட்கும் தொழிலும் அம்மாவட்டத்தில் உண்டு. சிவகாசியை அடுத்த முதலிப்பட்டிப் பட்டாசு ஆலையில் 2012 செப்டம்பர் 5 அன்று நேர்ந்த வெடிவிபத்தில் சுமார் 40 பேர் மாண்டனர். தீபாவளிக்கு ஏறத்தாழ இரு மாதங்களே இருந்த காலம் அது. அவ்விபத்துக்கு அவசரமே காரணம் என்று நாம் கூறவில்லை. எனினும், மருந்தைச் சிறிது சிறிதாகக் கலத்தல், ஓர் அறையில் மிகுதியானோர் அமராதிருத்தல் போன்ற விதிகள் யாவும் நேரத்தை வேண்டுபவை. நாளை நெருக்கினால் முதலில் பலியாவன அவ்விதிகளே. தீபாவளியை மகாவீரர் வீடுபேறு எய்திய திருநாளாகப் போற்றும் நாம் இதனை மறத்தல் தகுமா?

கல்வியில் உயர்ந்த நாடுகளும் இதற்கு விலக்கல்ல. 1986 ஜனவரி 28 அன்று அமெரிக்காவின் சாலஞ்சர் விண்கலம் சிதறி எழுவர் மாண்டனர். கடுங்குளிரில் ஏவ வேண்டாம் என்று முதல் நாள் இரவே பொறியாளர்கள் எச்சரித்திருந்தனர், மேலாளர்கள் ஏற்கவில்லை.

தீவினை மூவகையால் வந்து சேரும் என்பது நம் அறநெறி: தான் செய்தல், பிறரைச் செய்வித்தல், செய்வதற்கு உடன்படுதல். இயலாத நாளைச் சொல்பவர் பொய் சொல்கிறார். 'இயலாது' என்னும் விடையை ஏற்க மறுப்பவர் பொய் சொல்விக்கிறார். எப்படியோ விரைவில் கிடைத்தால் போதும் என்று மகிழும் நாம் உடன்படுகிறோம். மூவர் சுமையும் சமமன்று. பிழைப்பை இழக்க அஞ்சிச் சொல்லும் பொய்யினும், அவ்வச்சத்தை உண்டாக்குதல் பெரும்பிழை.

ஆகவே பணிபுரிவோர், விரும்பும் நாளைச் சொல்லாமல், இத்தகைய பணிக்கு முன்பு உண்மையில் எத்தனை நாள் ஆயிற்றோ அதனைக் கொண்டு கணக்கிடுதல் வேண்டும். குறைக்கச் சொன்னால், "அளவைக் குறைக்கலாமா, ஆளைக் கூட்டலாமா, தவணையை நீட்டலாமா?" என்று பணிவுடன் கேட்கலாம். தாமதம் தெரிந்த அன்றே அறிவித்துவிட வேண்டும். தேவைக்கு மேல் நாள் கேட்டு ஓய்ந்திருப்பதும் பொய்யே என்பதை மறக்கலாகாது. பணி தருவோர், கசப்பான விடை கூறியவரைத் தண்டியாதிருத்தல் வேண்டும். இதுவே அவர்க்குரிய வாய்மை விரதம்.

நாம் மெய் சொல்வோம். நம்மிடம் பிறர் மெய் சொல்லவும் இடந்தருவோமாக!