17ஆம் தேதிச் சங்கீதம்

எங்கள் வீட்டு வேதாகமத்தின் பக்கங்களுக்கிடையே பழைய வாக்குத்தத்த அட்டைகள் நிறையக் கிடக்கின்றன. டிசம்பர் 31 இரவு ஆராதனை நள்ளிரவைத் தாண்டி முடியும். வெளியே வரும் வழியில் ஒரு தட்டில் அட்டைகளைக் கவிழ்த்து வைத்திருப்பார்கள். ஆளுக்கொன்று எடுப்போம். பூப்படம், அதன்மேல் ஒரு வசனம். வருஷம் முழுவதற்கும் ஆண்டவர் நமக்குத் தந்த வார்த்தை இதுதான் என்று பீரோக் கண்ணாடியில் ஒட்டிவைப்போம்.

இந்தப் பழக்கத்தை நான் குறைத்துப் பேசமாட்டேன். ஓர் அட்டையைப் பிடித்துக்கொண்டே ஒரு வருஷத்தைக் கடந்தவர்கள் எங்கள் சபையில் இருக்கிறார்கள். ஆனால் 88ஆம் சங்கீதத்திலிருந்து எடுத்த வசனத்தை எந்த அட்டையிலும் நான் பார்த்ததில்லை.

*

ஏமான் என்பவருடைய பெயரில் இருக்கிறது அந்தச் சங்கீதம். இரவும் பகலும் கூப்பிடுகிறேன், குழியில் இறங்குகிறவர்களோடு என்னையும் சேர்த்து எண்ணிவிட்டார்கள் என்று முறையிடுகிறார். செத்தவர்கள் எழுந்து உம்மைத் துதிப்பார்களா என்று கடவுளையே கேட்கிறார். இப்படிப் புலம்பும் சங்கீதங்கள் பல உண்டு. ஆனால் அவற்றில் பெரும்பாலானவை எங்காவது ஓரிடத்தில் திரும்பிவிடும். 13ஆம் சங்கீதம் இன்னும் எத்தனை காலம் என்று நான்கு முறை கேட்டுவிட்டு, ஆறாம் வசனத்துக்குள் பாட ஆரம்பித்துவிடுகிறது. 88 திரும்புவதில்லை. 18 வசனங்களும் கீழ்நோக்கியே போகின்றன. சிநேகிதன், தோழன், தெரிந்தவர்கள் எல்லோரும் விலகிப்போனதோடு நின்றுவிடுகிறது. துதி இல்லை, நன்றி இல்லை.

ஆனாலும் முதல் வரியில் அவர் கூப்பிடுவது தன்னை இரட்சிக்கிற தேவனை. அதற்கப்புறம் எவ்வளவு கசப்பாகப் பேசினாலும் அவரிடம்தான் பேசுகிறார். கோபத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டு வேறு யாரிடமும் போய்ச் சொல்லவில்லை.

150 சங்கீதங்களைத் தொகுத்தவர்கள் இதை விட்டுவிட்டிருக்கலாம். கேட்பவர்கள் மனம் ஆறட்டும் என்று கடைசியில் ஒரு நல்ல வசனம் சேர்த்திருக்கலாம். இரண்டையும் செய்யவில்லை. அவர்களுக்கு நான் மிகவும் கடன்பட்டிருக்கிறேன்.

*

தாத்தா உபதேசியாராக இருந்தவர். அவருக்கு வேதாகமத்தோடு ஜெபப் புத்தகமும் வேண்டும். 1662ஆம் ஆண்டின் ஆங்கிலிக்கன் ஜெபப் புத்தகத்தில் 150 சங்கீதங்களையும் 30 நாளுக்குப் பகிர்ந்து, காலைக்கு இத்தனை, மாலைக்கு இத்தனை என்று வைத்திருக்கிறார்கள். திருநெல்வேலிக்கு அந்த ஒழுங்கு மிஷனரிகளோடு வந்தது. அதன்படி 17ஆம் தேதி காலைக்கு 86, 87, 88.

வீட்டில் கல்யாணம் நடந்துகொண்டிருந்தாலும் 17ஆம் தேதி காலை தாத்தா ஏமானின் புலம்பலைத்தான் வாசிப்பார். 30ஆம் தேதி மாலைக்கு 147 முதல் 150 வரை, எல்லாமே துதி. எங்கள் சித்தப்பா இறந்த மாதமும் அதைத்தான் வாசித்தார். குரல் உடைந்தது, ஆனால் நிறுத்தவில்லை. மனசு இருக்கிற நிலைமைக்குப் பொருந்தாத வாசிப்பு எதற்கு என்று அப்போது எனக்குக் கோபம் வந்தது.

இப்போது அதை வேறு மாதிரி பார்க்கிறேன். கல்யாண வீட்டில் 88ஐ வாசிக்கிறவர், அந்த நேரத்தில் எங்கோ வாய் திறக்க முடியாமல் கிடக்கிற ஒருவருக்காக வாசிக்கிறார். இழவு வீட்டில் 150ஐ வாசிக்கிறவர், துதிக்க முடிகிற வேறு யாரோ ஒருவருடைய குரலோடு தன் குரலைச் சேர்த்துக்கொள்கிறார். இன்று என் விசுவாசம் எந்த அளவில் இருக்கிறது என்று அந்தப் புத்தகம் கேட்பதில்லை. தேதியை மட்டும் கேட்கிறது. என்னால் ஜெபிக்க முடியாத மாதங்களில் இதைவிடப் பெரிய இரக்கம் எதையும் நான் அறியவில்லை.

*

அம்மாவுக்குப் பக்கவாதம். மூளையின் இடது பக்கத்தில் அடைப்பு. வலது கையும் காலும் விழுந்துவிட்டன, பேச்சும் போயிற்று. காது கேட்கும், சொல்வது ஓரளவு விளங்கும். ஆனால் தண்ணீர் வேண்டுமென்றால் வாயில் ‘சாவி’ என்று வரும். அது தப்பு என்று அவருக்கே தெரியும். மறுபடி முயல்வார், மறுபடியும் ‘சாவி’தான் வரும். இடது கையால் கட்டிலைத் தட்டி அழுவார்.

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த அன்று குடும்ப ஜெபத்தின் முடிவில் அப்பா பரமண்டல ஜெபத்தைத் தொடங்கினார். இரண்டாவது வரியில் அம்மாவின் குரல் சேர்ந்தது. கொஞ்சம் குழறல், ஆனால் ஒரு சொல்லும் பிசகவில்லை. ஆமென் வரைக்கும் வந்தார். அப்பா தொடர முடியாமல் நின்ற இடத்திலும் அம்மா நிற்காமல் சொல்லிக்கொண்டு போனார். ஜெபம் முடிந்ததும் டம்ளரைப் பார்த்து வாயைத் திறந்தார். வந்தது ‘சாவி’.

பேச்சுப் பயிற்சி தருகிறவர் விளக்கினார். யோசித்துச் சொல் தேடிப் பேசுகிற பேச்சு வேறு, ஆண்டாண்டாகச் சொல்லிப் பழகிய எண்கள், பாட்டு, ஜெபம் வேறு. முன்னது போனவர்களிடம் பின்னது தங்கிவிடுவது உண்டு. சொந்தக்காரர்கள் சிலர் இதை அற்புதமென்று சபையில் சாட்சி சொல்லச் சொன்னார்கள். நான் சொல்லவில்லை. மருத்துவத்துக்குத் தெரிந்த காரியத்தை அற்புதமென்று சொல்ல எனக்கு மனம் ஒப்பவில்லை. ஆனாலும் அதற்காக ஆண்டவருக்கு நன்றி சொன்னேன், இன்னும் சொல்கிறேன். ஓய்வுநாள் பள்ளியில் யாரோ ஓர் ஆசிரியை, அது பின்னால் எதற்கு உதவும் என்று தெரியாமலே, சின்னப் பிள்ளையாக இருந்த அம்மாவை அந்த ஜெபத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லவைத்திருக்கிறார்.

*

அம்மாவின் கட்டிலருகே இருக்கும்போது, டோனாவூரில் ஏமி கார்மைக்கேல் படுத்திருந்த அறையைப் பற்றி அடிக்கடி நினைக்கிறேன். அயர்லாந்தில் பிறந்தவர். 1895இல் இந்தியா வந்து, 1901 முதல் டோனாவூரில் இருந்தார். கோயில்களுக்கு விடப்படவிருந்த பெண் குழந்தைகளை எடுத்து வளர்த்தார். ஊர் திரும்பியதே இல்லை. 1931 அக்டோபர் 24 அன்று, மருந்தகத்துக்காக எடுத்திருந்த வீட்டைப் பார்க்கக் களக்காட்டுக்குப் போனார். அந்தி மங்கலில், கழிவறைக்காகத் தோண்டியிருந்த குழியில் விழுந்து கால் முறிந்தது. ஆறிவிடும் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். ஆறவில்லை. ஒன்றன்பின் ஒன்றாக வேறு நோய்களும் சேர்ந்தன. 1951 ஜனவரி 18 அன்று இறக்கும்வரை ஏறக்குறைய 20 வருஷம் பெரும்பாலும் அந்த அறைதான்.

அவர் கேட்ட சுகம் கிடைக்கவில்லை. ‘விசுவாசம் போதவில்லை, அதனால்தான் சுகமாகவில்லை’ என்று நோயாளியின் கட்டிலருகே நின்று பேசுகிறவர்கள், நூற்றுக்கணக்கான பிள்ளைகளுக்குத் தாயாக இருந்த அந்த அம்மாளின் அறைவாசலில் நின்று அதைச் சொல்லிப் பார்க்கட்டும்.

படுக்கையிலிருந்தே நிறைய எழுதினார். ‘ரோஸ் ஃப்ரம் பிரையர்’ 1933இல் வந்தது, நோயாளிகளுக்காக ஒரு நோயாளி எழுதியது. நோயாளிகளுக்கென்று வந்த பிரசுரங்களை அவரும் படித்துப் பார்த்தார். சுகமாயிருப்பவர்கள் நோயாளிக்கு எழுதுவது மனசில் ஒட்டவில்லை என்பதிலிருந்துதான் அந்தப் புத்தகமே பிறந்தது. அம்மாவின் தலைமாட்டில் குவிந்த கைப்பிரதிகளை ஒவ்வொன்றாகப் படித்தபோது எனக்கு அது விளங்கியது. எல்லாம் நல்ல வார்த்தைகள். எழுதியவர்கள் நடமாடிக்கொண்டிருந்தவர்கள்.

*

ஆறுதல் சொல்ல வருகிறவர்களில் பலர் காரணத்தோடு வருகிறார்கள். சோதனை, சிட்சை, ஏதோ நோக்கம். யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் தரையில் உட்கார்ந்து ஒன்றும் பேசாமல் இருந்தவரைக்கும் நல்ல நண்பர்களாக இருந்தார்கள்.

சபையிலிருந்து ஓர் அக்கா வியாழக்கிழமைகளில் வருவார். கணவர் இல்லை, தையல்தான் பிழைப்பு. வந்ததும் வெந்நீர் கேட்பார். அம்மாவின் வலது கை இப்போது இறுக்கி மூடிய முஷ்டி. அதை வெந்நீரில் கொஞ்ச நேரம் வைத்து, பெருவிரலில் ஆரம்பித்து ஒவ்வொரு விரலாகப் பிரிப்பார். அவசரப்பட்டால் இன்னும் இறுகும். உள்ளங்கை மடிப்பில் வேர்வை தங்கித் தோல் வெளுத்திருக்கும். துடைத்து, ஈரமில்லாமல் ஒற்றியெடுத்து, நகம் வெட்டி, சுருட்டிய துணியொன்றைக் கைக்குள் வைத்துவிடுவார். பிறகு ஒரு ஜெபம், அதுவும் நாலைந்து வாக்கியத்துக்கு மேல் போகாது. ஒருநாள் இப்படித் தொடங்கினார்: “ஆண்டவரே, நீரு பாத்துக்கிட்டுத்தான இருக்கீரு...” கேள்வியா நம்பிக்கையா என்று எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. அம்மா தலையை ஆட்டினார்.

*

பெரிய வெள்ளிக்கிழமை 12 மணியிலிருந்து 3 மணிவரை சிலுவையின் ஏழு வார்த்தைகள். எங்கள் சபையில் ஏழு பேர் பேசுவோம். நான்காவது, ‘ஏன் என்னைக் கைவிட்டீர்’ என்ற கதறல். அதைப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் கதறலை விட்டுவிட்டு விளக்கத்துக்குப் போய்விடுகிறார்கள். பிதா ஏன் முகத்தை மறைத்தார், அதனால் நமக்கு என்ன கிடைத்தது என்று. அந்த உபதேசத்தை நானும் நம்புகிறேன். ஆனால் நேசகுமாரனே ஏன் என்று கேட்டிருக்கிறார், சிலுவையில் அதற்கு மேலிருந்து பதில் வந்ததாக எந்தச் சுவிசேஷத்திலும் எழுதியில்லை. அவர் கேட்டதையே நாங்களும் கேட்கிறோம் என்பது எங்கள் வீட்டுக்கு இப்போது பெரிய துணை.

இந்த வருஷம் நான்காம் வார்த்தை எனக்கு. சபை ஐயர் போன வாரம் கேட்டார், ஒப்புக்கொண்டேன். பழைய ஜெபப் புத்தகத்தில் பெரிய வெள்ளி மாலைக்கு 69ஆம் சங்கீதத்தோடு 88ஐயும் குறித்திருக்கிறார்கள். 88ஐ முதல் வரியிலிருந்து கடைசி வரிவரைக்கும் வாசிக்கப்போகிறேன். மிச்ச நேரத்துக்கு, சபையில் படுக்கையில் கிடக்கிறவர்களின் பட்டியலைக் கேட்டிருக்கிறேன். வீட்டாரிடம் சம்மதம் வாங்கி, பெயரை மட்டும் வாசிக்கலாம் என்றார் ஐயர். தெருத் தெருவாகப் போய்க் கேட்க வேண்டும். அந்த அக்கா கூட வருவதாகச் சொல்லியிருக்கிறார்.