சொல்லாமல் எடுத்த முகம்

கல்யாணப் புகைப்படக்காரர்கள் தரும் கட்டணப் பட்டியலில் இப்போது 'கேண்டிட்' என்று தனியாக ஒரு வரி இருக்கிறது. மேடையில் வரிசையாக நிறுத்தி எடுப்பவர் ஒருவர். கூட்டத்துக்குள் புகுந்து யாரும் கவனிக்காத நேரத்தில் எடுப்பவர் இன்னொருவர். பின்னவருக்குக் கூலி அதிகம். யாரும் கவனிக்காத நேரம் என்றேன். உண்மையில், 'என்னைப் பார்க்காதீங்க, சும்மா பேசிக்கிட்டே நடந்து வாங்க' என்று அவர் மாப்பிள்ளைக்கும் பெண்ணுக்கும் சொல்லிக்கொடுப்பதைப் பல கல்யாணங்களில் கேட்டிருக்கிறேன். கவனிக்காதது போலிருப்பதும் ஒரு போஸ் ஆகிவிட்டது. இது வியாபாரம், இதைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. காசு வாங்காமல், ஆசைக்காக, உண்மையாகவே பிறர் அறியாமல் படம் எடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களில் நான் ஒருவன். வியாபாரிக்கு இல்லாத ஒரு குற்றம் எங்களுக்கு உண்டு என்று எனக்குச் சில மாதங்களாகத் தோன்றிக்கொண்டிருக்கிறது.

ஏழெட்டு வருஷங்களாக நண்பர்கள் வீட்டுக் கல்யாணங்களுக்குக் காமிராவோடு போகிறேன். ஒரே லென்ஸ், 50 மில்லிமீட்டர், 1.8 திறப்பு. பிளாஷ் கிடையாது. ஜன்னல் வெளிச்சம், வாசல் வெளிச்சம், சுவரில் பட்டுத் திரும்பும் வெளிச்சம், இவை போதும். போதாவிட்டால் படம் வேண்டாம். ருசி சம்பந்தமான விஷயமாக ஆரம்பித்தது எப்போது ஒழுக்கம் சம்பந்தமான விஷயமாயிற்று என்று சொல்ல முடியவில்லை. பிளாஷ் முகத்தைத் தட்டையாக்குகிறது, நிழலைக் கொல்கிறது என்று முதலில் சொன்னோம். பிறகு பிளாஷ் பொய், இயற்கை வெளிச்சமே நிஜம் என்றோம். பொய் வெளிச்சத்தை விலக்கியவன் தானும் பொய்யை விலக்கியவன் என்று ஒரு நினைப்பு ஓசையில்லாமல் உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டது.

சரித்திரம் வேறு மாதிரி இருக்கிறது. 1920களின் நடுவில் ஜெர்மனியில் எர்மனாக்ஸ் என்றொரு சின்னக் காமிரா வந்தது. அதன் லென்ஸின் திறப்பு, அந்தக் காலத்துக்கு நம்ப முடியாதது, 1.8 வரை போயிற்று. அறைக்குள் இருக்கிற வெளிச்சத்திலேயே படம் எடுக்கலாம். எரிக் சாலமன் என்ற பெர்லின்காரர் அதை எடுத்துக்கொண்டு ராஜதந்திரிகளின் மாநாடுகளுக்குள் நுழைந்தார். 1928இல் ஒரு கொலை வழக்கு விசாரணையைத் தொப்பிக்குள் காமிராவை ஒளித்துவைத்துப் படம் பிடித்தார். இந்தப் படங்களுக்குத்தான் லண்டன் பத்திரிகை ஒன்று 'கேண்டிட்' என்று பேர் வைத்தது. பிளாஷ் பவுடர் பற்றியெரிந்த நாட்களில் படம் எடுப்பது எல்லோருக்கும் தெரிந்துவிடும். புகை மண்டும், கண் கூசும், நாற்றம் வேறு. அந்த அறிவிப்பிலிருந்து தப்பிக்கும் உபாயமாகவே இருக்கிற வெளிச்சம் உபயோகத்துக்கு வந்தது. நாம் உண்மையின் வெளிச்சம் என்று கொண்டாடுவது பிறப்பில் ஒளிந்துகொள்வதற்கான வெளிச்சம். (கேண்டிட் என்ற சொல்லின் வேர் லத்தீனில் வெண்மை. ரோமாபுரியில் பதவி கேட்டு நின்றவர்கள் சுண்ணம் தேய்த்து வெளுப்பாக்கிய அங்கியைப் போட்டுக்கொள்வார்கள். வேட்பாளரைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் அதிலிருந்து வந்தது. பூசிய வெள்ளைதான் அது.)

பெரியதாழை மணப்பாட்டுக்கும் உவரிக்கும் நடுவில் இருக்கிற கடற்கரை ஊர். உள்ளே சாத்தான்குளம் பக்கம் போனால் தேரி, செக்கச்செவேலென்ற மணல். இந்தப் பக்கம் கடல். படமெடுக்கிறவனுக்கு இதைவிட நல்ல இடம் கிடைக்காது. கரைமணலும் சுவர்களும் வெளிச்சத்தை வாங்கித் திருப்பிக் கொடுத்துக்கொண்டே இருக்கும். நிழலில் நிற்கிற முகத்திலும் கீழிருந்து ஒரு ஒளி ஏறும். கூட வேலை பார்க்கும் நண்பர் ஒருவருடைய தங்கையின் கல்யாணத்துக்காக அங்கே போயிருந்தேன்.

கடற்கரையில் கோயில் என்றால் மாதா கோயில்தான். 1530களில் பரதவர் ஞானஸ்நானம் பெற்ற கரை இது. 1542இல் சவேரியார் வந்த கரை. பூசையின் நடுவே, பங்குச் சாமியார் இருவரையும் எழுந்து நிற்கச் சொல்லி, யாருடைய கட்டாயமுமில்லாமல் முழு மனசோடுதான் வந்திருக்கிறீர்களா என்று கேட்டார். இருவரும் வாய்விட்டுப் பதில் சொல்ல வேண்டும். பெண்ணின் குரல் எழும்பவில்லை. இரண்டாம் தடவை கேட்டார். கோயில் முழுவதும் அந்தக் குரலுக்காகக் காத்திருந்தது. நானும் பக்கவாட்டுக் கதவிலிருந்து வந்த வெளிச்சத்தில் அறுபதில் ஒரு விநாடிக்கு வைத்துக்கொண்டு காத்திருந்தேன். அவள் உதடு திறந்த கணம் படமாயிற்று. நல்ல படம்.

அப்போது எனக்கு உறைக்காத ஒன்று பின்னால் உறைத்தது. இந்தச் சடங்கு இப்படி இருப்பதற்கு ஒரு காரணம் உண்டு. ஒரு காலத்தில் ஐரோப்பாவில் ஆணும் பெண்ணும் சாட்சியில்லாமல் தங்களுக்குள் சொல்லிக்கொண்டாலே கல்யாணம் செல்லும். அதனால் எத்தனையோ பெண்கள் கைவிடப்பட்டார்கள். 1563இல் திரெந்துச் சங்கம் இந்தக் களவு மணங்கள் செல்லாது என்று விதித்தது. குருவானவரும் குறைந்தது இரண்டு சாட்சிகளும் இல்லாமல் கல்யாணம் இல்லை. ஓலை வாசிப்பதும் இதற்காகத்தான். மூன்று தடவை ஊரறியச் சொல்லி, ஆட்சேபம் உண்டா என்று கேட்டு, கடைசியில் பெண்ணையும் மாப்பிள்ளையையும் வாயால் சொல்லவைக்கிறார்கள். சம்மதத்தைச் சத்தமாகக் கேட்பதையே சாரமாகக் கொண்ட ஒரு சடங்கின் நடுவில், யாரையும் ஒரு வார்த்தை கேட்காமல் நான் முகங்களை எடுத்துக்கொண்டிருந்தேன்.

கல்யாணத்துக்கு வந்ததே சம்மதம் என்று சொல்லலாம். கோயிலிலும் பந்தலிலும் அது சரிதான். அங்கே எல்லோரும் பார்க்கப்படுவதற்கென்று உடுத்தி வந்திருக்கிறார்கள். நான் சொல்லப்போகும் படம் பந்தலில் எடுத்ததல்ல.

சாயங்காலம் நாலு மணி. சாப்பாடு முடிந்து சம்பந்தி வீட்டார் முன்பக்கம் பந்தலில் உட்கார்ந்திருந்தார்கள். தண்ணீர் குடிக்கப் புறவாசலுக்குப் போனேன். நண்பரின் தாயார் படியில் உட்கார்ந்திருந்தார். கழுத்துச் சங்கிலியைக் கழற்றி மடியில் போட்டுக்கொண்டு, அது அரித்த இடத்தை விரல்களால் தேய்த்துக்கொண்டிருந்தார். கழுத்தில் மஞ்சள் கயிறு மட்டும். வியர்வை. பார்வை எதிலும் இல்லை. எதிர்ச் சுவரில் பட்ட வெயில் அவர் தாடைக்குக் கீழே மெதுவாக வந்து சேர்ந்துகொண்டிருந்தது. இரண்டு தடவை அழுத்தினேன். அவருக்குத் தெரியாது. தண்ணீர் குடிக்காமலே திரும்பினேன், அவர் விழித்துக்கொண்டுவிடக் கூடாதென்று.

நாற்பது படங்களைப் பிரிண்ட் போட்டு உறையில் வைத்து நண்பரிடம் கொடுத்தேன். இந்தப் படத்தை மேலாக வைத்தேன், எனக்குப் பெருமை. மறுவீட்டுக்கு எல்லோரும் வந்திருந்தபோது உறை பிரிக்கப்பட்டது. மாப்பிள்ளை வீட்டுப் பெண் ஒருத்தி அந்தப் படத்தை வெகுநேரம் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் அடுத்தவரிடம் கொடுத்தாளாம். அடுத்தவரும் ஒன்றும் பேசவில்லை. சங்கிலி கவரிங். அரிப்பும், விரல் போன இடமும், கழுத்தில் பதிந்திருந்த கறுப்பும் அதைச் சொல்லிவிட்டன. தாயாரின் பவுனெல்லாம் மகள் கழுத்துக்குப் போய்விட்டது என்பதும், மீதி அடகில் இருந்தது என்பதும் அன்றைக்கு வரை வீட்டுக்குள் இருந்த சங்கதி. பிளாஷ் போட்டிருந்தால் எல்லாம் ஒரே மினுக்காக மினுங்கியிருக்கும்.

பிறகொரு நாள் போனபோது அவரே பேச்சை எடுத்தார். கோபமில்லை. 'ஒரு வார்த்த சொல்லியிருந்தா செயினப் போட்டுட்டு இருந்திருப்பம்லா தம்பி' என்றார்.

இந்த வாக்கியத்துக்கு எங்கள் மதத்தில் ஒரு பதில் தயாராக இருக்கிறது: 'அதனால்தானம்மா சொல்லவில்லை.' சொன்னால் பாவனை வந்துவிடும். சங்கிலி பொய், கழுத்து நிஜம். இதை அவர் முகத்துக்கு நேரே சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நேரே சொல்ல முடியாத ஒரு கொள்கையை எப்படி இத்தனை வருஷம் வைத்திருந்தேன் என்பது வேறு.

அறியாதபோதுதான் முகம் நிஜமாக இருக்கிறது என்று யார் சொன்னது? நான் வங்கிக் கவுண்ட்டரில் உட்கார்ந்து கையெழுத்தை மாதிரியோடு ஒப்பிட்டுப் பார்க்கிறவன். கையெழுத்துப் போடுகிறவர் குனிந்து, உதட்டைக் கடித்து, முழுப் பிரக்ஞையோடு போடுகிறார். முழுக்க முழுக்கப் போஸ். அதைத்தான் அவர் என்று ஏற்கிறோம். அதற்குத்தான் பணம் தருகிறோம். பேனா எழுதுகிறதா என்று சீட்டின் பின்பக்கம் கிறுக்கிப் பார்க்கிறாரே, அதுதான் அவருடைய உண்மையான கையெழுத்து என்று யாரும் சொல்வதில்லை. ஒருவர் தெரிந்து, முனைந்து, நமக்கென்று தருகிற முகத்துக்கும் இந்த மதிப்பு உண்டு. கவரிங் சங்கிலியோடு பந்தலில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்த அந்தத் தாயார் பொய் சொல்லிக்கொண்டிருக்கவில்லை. மகளுக்குக் கொடுத்தது போக மிச்சமிருந்ததை அணிந்து, வந்தவர்களுக்கு மரியாதை செய்துகொண்டிருந்தார். அந்த நிமிர்வை எடுக்காமல் நான் புறவாசலுக்குப் போய் எடுத்தேன்.

நம் இலக்கணத்தில் களவு என்பது அகத்தின் பாதி. ஊரறியாத பார்வை, ஊரறியாத சந்திப்பு. பிறகு வரைவு, கற்பு. கார்ட்டியே-பிரஸ்ஸோன் 1952இல் போட்ட புத்தகத்தை ஆங்கிலப் பெயரான 'தீர்மானமான கணம்' என்பதை வைத்தே நாம் பேசுகிறோம். பிரெஞ்சுத் தலைப்பில் களவின் வாசனைதான் இருக்கிறது. போலீஸ் வந்தால் கடையைச் சுருட்டிக்கொண்டு ஓடத் தயாராக இருக்கும் நடைபாதை வியாபாரியைச் சொல்லும் வார்த்தை அது. இந்த ஒற்றுமையை நினைத்து ஒரு காலத்தில் சந்தோஷப்பட்டிருக்கிறேன். ஆனால் தொல்காப்பியன் சொல்லும் களவில் இரண்டு பேருக்கும் தெரியும், ஊருக்குத்தான் தெரியாது. என் களவில் படத்தில் இருப்பவருக்கு மட்டும் தெரியாது. பிறகு ஊருக்கெல்லாம் தெரிகிறது.

அப்படியென்றால் கேட்காமல் எடுக்கவே கூடாதா? இதற்கு ஆமென்று சொல்ல நான் தயாராயில்லை. சாலமன் களவாடியது அதிகாரத்திலிருப்பவர்களிடம். அவர்கள் தங்கள் முகத்தைக் காப்பாற்றிக்கொள்ள ஆயிரம் வழி உள்ளவர்கள். வாக்கர் எவன்ஸ் 1938 முதல் 1941 வரை நியூயார்க் பாதாள ரயிலில் கோட்டுப் பொத்தான்களின் நடுவே லென்ஸை நீட்டி, எதிரே உட்கார்ந்திருந்த சாதாரண ஜனங்களை எடுத்தார். அவற்றைப் புத்தகமாக்க 1966 வரை போயிற்று. கால் நூற்றாண்டு. தாமதம் குற்றத்தைக் கழுவுகிறதா என்பது விவாதத்துக்குரியது. ஆனால் படத்துக்கும் அதிலிருப்பவருக்கும் நடுவே ஒரு காலத்தைப் போட்டது ஒரு வகை நாகரிகம் என்று நினைக்கிறேன். நான் மூன்று வாரம்கூடக் காத்திருக்கவில்லை. அதுவும் உறையில் மேலாக.

நம்மில் கதை எழுதுகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் பெருமூச்சு விட வேண்டியதில்லை. அம்மாவையும் அத்தையையும் கேட்டுவிட்டா எழுதினோம்? எழுத்துக்காரனுக்கு ஒரு சலுகை உண்டு: பெயரை மாற்றலாம், ஊரை மாற்றலாம், சங்கிலியை மூக்குத்தியாக்கலாம். காமிராவுக்கு அது முடியாது. அந்தக் கழுத்து அந்தக் கழுத்தாகவே வரும். இந்தச் சலுகையை இங்கே நான் முழுவதுமாக எடுத்துக்கொள்ளவில்லை என்பதும் தெரியும். எழுதலாமா என்று நண்பரிடம் கேட்டேன். பெயர் வேண்டாம் என்றார். அவருடைய தாயாரிடம் கேட்கவில்லை.

அன்று அவர் அந்த வாக்கியத்தைச் சொன்ன பிறகு, 'இப்ப ஒண்ணு எடுக்கட்டுமா' என்று கேட்டேன். உள்ளே போய் முகம் கழுவி, சங்கிலியைப் போட்டு, சேலை மாற்றி வந்தார். பிளாஸ்டிக் நாற்காலியை வாசலில் போட்டு, கையை மடியில் வைத்து, நேராக லென்ஸைப் பார்த்தார். வெளிச்சம் மங்கிவிட்டிருந்தது, படம் கொஞ்சம் ஆடியிருக்கிறது. அதைத்தான் பிரேம் போட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறார்கள். வருகிறவர்களிடம் நான் எடுத்தது என்று சொல்கிறாராம்.

புறவாசலில் எடுத்ததுதான் நல்ல படம் என்று எனக்கு இப்போதும் தோன்றுகிறது. அதை இன்னும் அழிக்கவில்லை.