மின்சாரம் போன பிறகு எரிய வேண்டிய விளக்கு

இன்றிரவு கடையடைத்ததும் எலெக்ட்ரீஷியனை இருக்கச் சொல்லி, மெயின் சுவிட்சை அணைத்துப் பாருங்கள். ஜெனரேட்டரும் ஓட வேண்டாம். மேல்மாடியில் துணி அடுக்குகளுக்கு நடுவே நின்று, கீழே இறங்கும் வழி கண்ணில் படுகிறதா என்று பாருங்கள். நீங்கள் கட்டிய கட்டடம், மூலைமுடுக்கெல்லாம் தெரிந்த இடம். அங்கேயே நீங்கள் சுவரைத் தடவ வேண்டியிருந்தால், கைக்குழந்தையோடு முதல்முறை உள்ளே வந்தவள் என்ன செய்வாள்?

1997 ஜூன் 13 அன்று தில்லி உபஹார் திரையரங்கில் பிற்பகல் காட்சி ஓடிக்கொண்டிருந்தது. தரைத்தளத்தில் இருந்த மின்மாற்றியில் தீப்பிடித்து, புகை பால்கனிவரை ஏறியது. மின்சாரம் போய்விட்டது. அவசர விளக்கு இல்லை, வாசலைக் காட்டும் பலகையில் வெளிச்சம் இல்லை, ஒலிபெருக்கியில் எச்சரித்தவரும் இல்லை. பால்கனியின் வலப்பக்க நடைபாதையில் கூடுதல் இருக்கைகள் போட்டு, அந்தப் பக்கத்து வாசலையும் முன்பே அடைத்திருந்தார்கள். 59 பேர் இறந்தார்கள். அவர்களைக் கொன்றது புகை. வழி தெரிந்து, கதவும் திறந்திருந்தால் வீடு திரும்பியிருக்க வேண்டியவர்கள்.

அதனால் அவசர விளக்குகளை வாங்கும்போது விலையை முதலில் கேட்காதீர்கள். மின்சாரம் நின்ற பிறகு எவ்வளவு நேரம் எரியும் என்று கேளுங்கள். எவ்வளவு சின்ன இடமானாலும் ஒன்றரை மணி நேரம் எரிய வேண்டும் என்கிறது 2016ஆம் ஆண்டு தேசியக் கட்டட விதித்தொகுப்பு. "ஜெனரேட்டர்தான் இருக்கிறதே" என்று பல முதலாளிகள் சொல்கிறார்கள். ஜெனரேட்டர் ஓடினாலும் அதன் மின்சாரம் வயர் வழியாகத்தானே வர வேண்டும்? தீயில் வயரே கருகிப்போகலாம். ஆபத்தைத் தவிர்க்க இணைப்பை வேண்டுமென்றே துண்டிக்கவும் நேரலாம். விளக்குக்குள்ளேயே பேட்டரி இருந்தால்தான் அந்த நேரத்துக்கு உதவும். அந்த பேட்டரியும் ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே நம் ஊர் வெக்கையில் வெந்தால் சீக்கிரம் செத்துவிடும். எவ்வளவு சூட்டைத் தாங்கும், எப்போது மாற்ற வேண்டும் என்று விற்பவரிடம் எழுதி வாங்குங்கள்.

இருட்டில் ஒளிரும் ஸ்டிக்கர் மலிவு என்பதற்காக அதை மட்டும் நம்பாதீர்கள். வெளிச்சத்தை வாங்கி வைத்திருந்தால்தான் அது திருப்பித் தரும். கரண்ட் பில்லுக்குப் பயந்து எந்நேரமும் அணைத்தே வைத்திருக்கும் படிக்கட்டில் அது வெறும் காகிதம். புகை மேலே போய்த் தேங்கும் என்பதால் கதவுக்கு மேலிருக்கும் பலகைதான் முதலில் மறையும். குனிந்தும் தவழ்ந்தும் போகிறவர் கண்ணுக்குப் படும்படி, முழங்கால் உயரத்திலும் வழிகாட்டி விளக்குகள் வையுங்கள். ஓடும் மனிதர் படம் போட்ட பச்சைப் பலகையையே கேட்டு வாங்குங்கள்; எழுத்துப் படிக்காதவருக்கும் அது புரியும். சுவரின் அழகு கெடுகிறது என்று உள்அலங்காரக்காரர் அதைச் சின்னதாக்கவோ ஓரம் கட்டவோ சொன்னால் ஒரேயடியாக மறுத்துவிடுங்கள்.

கடைக்குள் தடுப்புச் சுவரை மாற்றும்போதெல்லாம் அம்புக்குறியையும் மாற்ற வேண்டும். பழைய அம்பை நம்பி ஓடியவர் உடை மாற்றும் அறைக்குள் போய் மாட்டிக்கொண்டால் அந்தப் பாவம் யாரைச் சேரும்?

வாங்கி மாட்டியதோடு கடமை முடியவில்லை. மாதம் ஒருமுறை 30 விநாடி, ஆண்டுக்கு ஒருமுறை முழுதாக 90 நிமிடம் எரியவிட்டுச் சோதிக்க வேண்டும் என்கிறது அமெரிக்காவின் என்எஃப்பிஏ 101 விதித்தொகுப்பு. நாமும் அதைப் பின்பற்றலாம். மாதச் சோதனைக்கு டெஸ்ட் பட்டனை அழுத்தினால் போதும். தேதி போட்டு நோட்டில் எழுதிவையுங்கள். தீயணைப்புத் துறையின் சான்று வாங்கும் வாரத்தில் மட்டும் எரிந்துவிட்டு, பிறகு கேட்பாரற்றுக் கிடக்கும் விளக்கு, உங்களை நம்பி உள்ளே வந்தவருக்கு நீங்கள் செய்யும் துரோகம்.

பலகை மாட்டிய கதவைத் திருட்டுக்குப் பயந்து பூட்டாதீர்கள். பின்படிக்கட்டில் அட்டைப்பெட்டிகளை அடுக்காதீர்கள். எந்தக் கதவு எங்கே திறக்கும் என்பதை விற்பனைப் பெண்களிலிருந்து வாட்ச்மேன் வரை எல்லோருக்கும் நடந்துகாட்டிச் சொல்லிக்கொடுங்கள். தீபாவளிக் கூட்டம் உங்கள் படியேறும் முன் இத்தனையும் முடிந்திருக்க வேண்டும்.