மானுக்கு மருத்துவமனை இல்லை

ஸ்காட்லாந்தின் மலைநாட்டில் குடியிருக்கும் சைவன் நான். புலால் தொட்டதில்லை, தொடப்போவதும் இல்லை. பக்கத்து வீட்டுக்காரருக்கு ஓர் எஸ்டேட்டில் மான் சுடும் வேலை. அவர் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் இருந்த தோட்டா ஒன்றைக் கையில் வாங்கிப் பார்த்தேன். பித்தளைக் குப்பி, அதன் வாயில் செம்பு உறை போட்ட குண்டு. நுனியில் மட்டும் உறை இல்லாமல் சாம்பல் நிற ஈயம் தெரிந்தது. உடலில் பாய்ந்ததும் அந்த நுனி மடங்கி, குண்டு காளான்போல் விரியும். விரியாத குண்டால் மானைச் சுடுவது இங்கே குற்றம்.

இதே விரியும் குண்டைப் போரில் மனிதர்மேல் பயன்படுத்தக் கூடாது என்று 1899-இல் ஹேக் மாநாடு விலக்கியது. கல்கத்தாவை அடுத்த டம்டம் ஆயுதச் சாலையில் பிரிட்டிஷார் செய்த குண்டின் பெயரால்தான் விரியும் குண்டு இன்றும் அறியப்படுகிறது. மனிதனுக்கு விலக்கியதை மானுக்குக் கட்டாயமாக்கியிருக்கிறார்கள். இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான்: வீண் வலி கூடாது. போர்வீரன் சண்டையிலிருந்து விலகினால் போதும்; தூக்கிப் போக ஆளும், காயத்தைத் தைக்க மருத்துவரும் உண்டு. அடிபட்ட மானுக்கு யார் இருக்கிறார்கள்? குண்டு விரியாமல் நேரே துளைத்துப் போய்விட்டால், மான் புதருக்குள் ஓடி மணிக்கணக்கில் துடித்துச் சாகும்.

அதனால்தான் இங்கே மான் சுடுவதற்கான 1985-ஆம் ஆண்டு ஆணை இத்தனை நுணுக்கமாகக் கணக்குப் போட்டது. சிவப்பு மானுக்குக் குண்டின் எடை குறைந்தது 100 கிரெயின், அதாவது ஆறரை கிராம். வேகம் நொடிக்கு 2,450 அடி. ஆற்றல் 1,750 அடி-பவுண்டு. சிறிய ரோ மானுக்கு 50 கிரெயினும் 1,000 அடி-பவுண்டும் போதும். தோளுக்குப் பின்னால் பாய்ந்து இதயத்தையும் நுரையீரலையும் ஒரே அடியில் நிறுத்த வேண்டும் என்பதற்காகவே இத்தனையும்.

“கொலை கொலைதானே, இதில் சின்ன குண்டென்ன, பெரிய குண்டென்ன?” என்று ஊரிலிருந்து பெரியப்பா கேட்டார். கொல்லாமைக்கு வள்ளுவர் தனி அதிகாரமே வைத்தார். அதில் எனக்கு மறுபேச்சு இல்லை. ஆனால் ஓநாய் அற்றுப்போன இந்த மலைகளில் மான் பெருகி, பைன் கன்றுகளைத் தலைதூக்க விடாமல் மேய்கிறது. குளிர்காலக் கடைசியில் இரையின்றி மெலிந்து சாகும் மான்களும் உண்டு. துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டால் வலி நின்றுவிடாது. சமணர்கூட எல்லா இம்சையையும் ஒரே குவியலாகப் போடவில்லை. வேண்டுமென்றே செய்வது, தொழிலில் நேர்வது, வீட்டுவேலையில் நேர்வது, தற்காப்பில் நேர்வது என்று பிரித்துப் பார்த்தார்கள். கொல்லலாமா என்று கேட்டதோடு அறம் தன் வேலையை முடித்துக்கொள்ள முடியாது. எப்படி என்றும் கேட்டாக வேண்டும்.

சட்டம் எட்டாத இடமும் இருக்கிறது. மான் வாகாகத் திரும்பி நிற்கவில்லை என்றால் பக்கத்து வீட்டுக்காரர் சுடுவதில்லை. நாள் முழுக்க மலையேறிவிட்டு வெறுங்கையோடு வந்துவிடுவார். அந்த நிதானத்தை எந்த ஆணையும் கிரெயினில் எழுத முடியாது.

2023-இல் அந்த 100 கிரெயினை 80 ஆகக் குறைத்தார்கள். ஈயம் இல்லாத செம்புக் குண்டு எடை குறைவானது. அதைப் பயன்படுத்த வழிவிட வேண்டியிருந்தது. சுட்ட மானின் ஈயத் துகள் படிந்த குடலை மலையில் விட்டுவந்தால், அதைக் கொத்தும் கழுகின் உடம்பிலும் நஞ்சு ஏறும். மானின் வலிக்காகப் போட்ட கணக்கில் இப்போது கழுகுக்கும் இடம் கிடைத்திருக்கிறது. பெரியப்பாவுக்கு இதைத்தான் எழுதினேன்.