உப்பிட்டவர்

உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்கிறது பழமொழி. குடும்பமும் ஊரும் நிற்பதற்கு இதைவிடக் கெட்டியான அஸ்திவாரம் கிடையாது. ஆனால் விமர்சகன் என்று ஒருவன் கிளம்பும்போது அவனுக்கு முதல் தகராறு இந்தப் பழமொழியோடுதான். அவன் யார் உப்பைத் தின்கிறான், தின்றபின் அவரைப் பற்றி உள்ளதைச் சொல்ல அவனுக்கு நாக்கு எழுமா என்ற கேள்வி, அவனுடைய ரசனை, படிப்பு, கோட்பாடு பற்றிய கேள்விகளுக்கெல்லாம் முந்தியது. இந்தக் கேள்வியை நாம் எப்போதும் எதிராளியைப் பார்த்தே கேட்டு வந்திருக்கிறோம். அவர் பெரும் பத்திரிகையின் ஆள், இவர் கட்சியின் ஆள், மற்றவர் பரிசுக் கமிட்டியின் ஆள் என்று. சன்மானமில்லாமல் எழுதுகிற நாம் யாருடைய ஆள் என்று கேட்டுக்கொண்டதில்லை. அதைக் கேட்கவைத்தது, நமக்கு நேர்ச் சம்பந்தம் எதுவும் இல்லாத கனடாவில் நடக்கும் ஒரு காரியம்.

கனடா நிலப்பரப்பில் உலகத்திலேயே இரண்டாவது பெரிய தேசம். அதன் பத்திரிகை உலகம் மிகவும் சின்னது. 1980 ஆகஸ்ட் 27 அன்று, ஒரே நாளில், தாம்ஸன் கம்பெனி தன் ஒட்டாவா ஜர்னலையும் சவுதாம் கம்பெனி தன் வின்னிபெக் டிரிப்யூனையும் மூடின. இதன் பலனாக ஒட்டாவாவில் சவுதாமின் பத்திரிகைக்கும் வின்னிபெக்கில் தாம்ஸனின் பத்திரிகைக்கும் போட்டி ஒழிந்தது. அரசு டாம் கென்ட் தலைமையில் ஒரு கமிஷன் போட்டது. 1981இல் வந்த அதன் அறிக்கை, பத்திரிகை உடைமைக்கு வரம்பு கட்டச் சொன்னது. அந்த வரம்பு கட்டப்படவில்லை. ஒரு பக்கம் இப்படிச் சில கம்பெனிகள், மறுபக்கம் 1936இல் தொடங்கிய சி.பி.சி. என்ற பொது ஒலிபரப்பு ஸ்தாபனம். இடையில் நிற்கும் பத்திரிகையாளனுக்கு இன்று குறை சொன்ன இடத்தில்தான் நாளை வேலை கேட்டுப் போகவேண்டியிருக்கும். ஆகவே பத்திரிகைகளைப் பற்றிப் பத்திரிகையாளர்கள் வாய் திறப்பது அபூர்வம்.

இந்த மௌனத்தைத்தான் ஜெஸ்ஸி பிரௌன் என்பவர் தன் தொழிலாக எடுத்துக்கொண்டார். சி.பி.சி. வானொலியில் நிகழ்ச்சி நடத்தியவர். 2013 அக்டோபரில் டொரன்டோவிலிருந்து கனடாலாண்ட் என்ற பாட்காஸ்டை ஆரம்பித்தார். பாட்காஸ்ட் என்பது வானொலிப் பேச்சு மாதிரிதான். ஆனால் அலைவரிசையும் லைசென்ஸும் தேவையில்லை, கேட்கிறவர் தமக்கு முடிந்த நேரத்தில் கேட்டுக்கொள்ளலாம். நாட்டின் பத்திரிகைகளும் வானொலியும் தொலைக்காட்சியும் எதைச் சொல்கின்றன, எதை விழுங்குகின்றன என்பதே விஷயம். அடுத்த வருஷம் அவர் கேட்பவர்களிடமே மாதாமாதம் சில டாலர் தரும்படி கேட்டார். தந்தார்கள். பிறகு அது ஒரே நிகழ்ச்சியாக நிற்கவில்லை. அரசியலுக்கு காமன்ஸ் என்று ஒன்று, தண்டர் பே நகரத்துப் பூர்வகுடி இளைஞர்களின் சாவுகளைப் பற்றி 2018இல் ரயன் மக்மேன் நடத்திய தொடர் ஒன்று, இப்படிப் பல கிளைகள் விட்டது.

இதில் என்னை இழுத்தது நிகழ்ச்சிகளின் தரம் அல்ல. தரம் ஏறியும் இறங்கியும் இருக்கிறது. பணம் வருகிற வழிதான் என்னை யோசிக்கவைத்தது. அந்தத் தேசத்தில் செய்தி எழுதுகிறவனுக்கு மூன்று உப்பு உண்டு. முதலாவது முதலாளியின் உப்பு. 2015 அக்டோபர் பொதுத் தேர்தலின்போது நேஷனல் போஸ்ட் பத்திரிகையில் தலையங்கப் பகுதியின் ஆசிரியராக இருந்தவர் ஆன்ட்ரூ காய்ன். பத்திரிகை கன்சர்வேட்டிவ் கட்சியை ஆதரித்தது. அதற்கு மாறான தன் அபிப்ராயத்தைத் தன் பத்தியில் எழுத அவர் விரும்பினார், நிர்வாகம் சம்மதிக்கவில்லை. அவர் அந்தப் பதவியை விட்டார். இதில் மர்மம் எதுவும் இல்லை. முதலாளி தன் முகத்தைக் காட்டினான், எழுதுகிறவன் தன் முதுகைக் காட்டினான். இரண்டாவது அரசின் உப்பு. சி.பி.சி.க்குப் பாராளுமன்றம் தரும் மானியம் பழைய கதை. 2018 நவம்பரில் அரசு, தனியார் செய்தி நிறுவனங்களுக்கும் ஐந்து வருஷத்தில் ஏறக்குறைய 60 கோடி டாலர் அளவுக்கு வரிச்சலுகையும் உதவியும் அறிவித்தது. இது நிருபரின் கையைப் பிடித்துத் தடுக்காது. சலுகை புதுப்பிக்கப்படும் வருஷத்தில் அவர் தானாகவே கொஞ்சம் மெதுவாக எழுதுவார், அவ்வளவுதான்.

மூன்றாவது, கேட்கிறவனின் உப்பு. இதுதான் சுத்தமானது என்று எல்லோரும் ஒப்புக்கொள்கிறார்கள். யாருக்காகப் பேசுகிறோமோ அவனே கூலி தருகிறான், இடையில் தரகன் இல்லை. கனடாலாண்டிலும் விளம்பரம் உண்டு என்பதைச் சொல்லிவிட வேண்டும். ஊடகங்களை விசாரிக்கிற அதே குரல் நடுவில் ஏதோ ஒரு சரக்கையும் சிபாரிசு செய்கிறது. இருந்தாலும் அஸ்திவாரம் சந்தாதான்.

நான் வங்கியில் கௌண்டரில் உட்கார்கிறவன். பணத்தின் குணம் அது யாரிடமிருந்து வருகிறது என்பதில் மட்டும் இல்லை, எப்போது திரும்பக் கேட்கப்படும் என்பதிலும் இருக்கிறது என்று தினமும் பார்க்கிறேன். ஐந்து வருஷத்துக்குப் போட்ட டெபாசிட் சாதுவானது. சேமிப்புக் கணக்கில் கிடப்பது அப்படியல்ல. எந்த நிமிஷமும் ஒருவர் வந்து நின்று கொடு என்பார், காரணம் சொல்லத் தேவையில்லை. எல்லோரும் ஒரே நாளில் வரமாட்டார்கள் என்ற நம்பிக்கையில்தான் வங்கி நடக்கிறது. வந்துவிடுவார்களோ என்று ஒரு வதந்தி கிளம்பினால் போதும், மானேஜரின் முகத்தில் ஒரு சிரிப்பு வந்து ஒட்டிக்கொள்ளும், அன்று முழுக்கப் போகாது. கேட்பவர் தரும் டாலர் இந்தச் சேமிப்புக் கணக்குப் பணம். அரசு வருஷத்துக்கு ஒருமுறை கோபித்துக்கொள்ளும். முதலாளி தேர்தலுக்கு ஒருமுறை கோபித்துக்கொள்வான். கேட்பவனுக்கோ ஒவ்வொரு வாக்கியத்தின் முடிவிலும் கோபித்துக்கொள்ள வசதியிருக்கிறது.

இன்னொன்று. முதலாளியை நாம் நேசிப்பதில்லை. அவனுக்குப் பணிந்துபோனால் பணிகிறோம் என்பது நமக்கே தெரியும், ராத்திரி தூக்கம் வராது. கேட்பவன் சிநேகிதனாக வருகிறான். காதுக்குள் ஒரு மனிதனின் குரலை வாராவாரம் தனியாகக் கேட்கிறவனுக்கு அந்த மனிதன் தன் கட்சி என்ற உறவு ஏற்பட்டுவிடுகிறது. பேசுகிறவனுக்கும் அது தெரியும். அவனைத் திருப்திப்படுத்தும்போது அது அடிமைத்தனமாகத் தோன்றுவதில்லை, விசுவாசமாகவே தோன்றுகிறது. ஆகவே தூக்கம் நன்றாக வரும். மூன்று உப்பிலும் ருசியானது இது. தெரியாமல் அதிகம் தின்றுவிடக்கூடியதும் இதுதான்.

அப்படியானால் உப்பே வேண்டாம் என்பதுதான் விடையா? சிறுபத்திரிகைக்காரர்களாகிய நாம் காலம் காலமாகச் சொல்லிவருகிற விடை அதுவே. வயிற்றுக்கு ஒரு உத்தியோகம், எழுத்துக்கு எவனிடமும் கை நீட்டுவதில்லை. இந்தப் பெருமையில் எனக்கும் பங்கு உண்டு. ஆனால் கனடாலாண்டின் கதையில் இந்தப் பெருமையைக் குத்துகிற ஒரு விஷயம் இருக்கிறது.

2014இல், சி.பி.சி.யின் பிரபல வானொலி அறிவிப்பாளர் ஜியான் கோமேஷி தங்களிடம் வன்முறையாக நடந்துகொண்டதாகச் சில பெண்கள் பிரௌனிடம் சொன்னார்கள். அவர் உடனே மைக்கைத் திறந்து பேசிவிடவில்லை. பேசியிருந்தால் ஒரே மானநஷ்ட வழக்கில் கதை முடிந்திருக்கும். டொரன்டோ ஸ்டார் பத்திரிகையிடம் போனார், அதன் நிருபர் கெவின் டொனோவனோடு சேர்ந்து வேலை செய்தார். விசாரிப்பதற்கு ஆட்கள், வார்த்தை வார்த்தையாகப் பார்ப்பதற்கு வக்கீல்கள், வழக்கு வந்தால் தாங்குவதற்குப் பணம் எல்லாம் அங்கே இருந்தன. அக்டோபரில் சி.பி.சி. அந்த அறிவிப்பாளரை நீக்கியது, செய்தி வெளியாயிற்று. 2016 மார்ச்சில் நீதிமன்றம் அவரைக் குற்றச்சாட்டுகளிலிருந்து விடுவித்தது என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும். ஆனால் 2015இல் சி.பி.சி. தானே ஏற்பாடு செய்த விசாரணையின் அறிக்கை, அலுவலகத்தில் அவர் நடத்தையை நிர்வாகம் பொறுத்துப் போனதைக் குற்றமாகச் சொல்லிற்று.

அதன்பின் வீ சாரிட்டி விவகாரம். பள்ளிக்கூடப் பிள்ளைகளிடையே பெரும் செல்வாக்குள்ள தர்ம ஸ்தாபனம் அது. 2018 முதல் கனடாலாண்ட் அதன் உள்விவகாரங்களை எழுதிவந்தது. வக்கீல்களின் எச்சரிக்கைகள் வந்தன. 2020 ஜூனில் ட்ரூடோவின் அரசு, 91 கோடி டாலர் ஒதுக்கிய மாணவர் திட்டம் ஒன்றை நடத்தும் பொறுப்பை இந்த ஸ்தாபனத்திடம் தந்தது. எதிர்ப்புக் கிளம்பி ஜூலை முதல் வாரத்திலேயே ஸ்தாபனம் விலகிக்கொண்டது. சில நாட்களில், பிரதமரின் தாயாருக்கும் சகோதரருக்கும் அதன் மேடைகளில் பேசியதற்குப் பணம் தரப்பட்டிருக்கிறது என்ற செய்தியைக் கனடாலாண்ட் வெளியிட்டது. தாயாருக்கு மட்டும் 28 கூட்டங்களுக்கு ஏறக்குறைய இரண்டரை லட்சம் டாலர். ஆகஸ்டில் நிதி மந்திரி பில் மோர்னோ ராஜினாமா செய்தார். 2021 மே மாதம் நெறிமுறை ஆணையர் மோர்னோ சட்டத்தை மீறினார் என்றும் பிரதமர் மீறவில்லை என்றும் முடிவு சொன்னார்.

இதிலிருந்து எனக்குப் புரிவது எளிமையானது. அபிப்ராயத்துக்குச் செலவில்லை, தகவலுக்குச் செலவு உண்டு. ஒரு நாவலைப் பற்றியோ ஒரு மந்திரியைப் பற்றியோ நான் சொந்தச் செலவில் எவ்வளவு வேண்டுமானாலும் ஆவேசப்படலாம். ஆனால் எந்த மேடைக்கு எவ்வளவு பணம் போயிற்று என்று கண்டுபிடிக்க மாதக்கணக்கில் ஒருவர் சம்பளத்தோடு உட்காரவேண்டும். உப்பே தொடாத நாக்கு தாராளமாகப் பேசும். ஆனால் எதைப் பேசினாலும் யாருக்கும் நஷ்டமில்லாத இடத்திலிருந்தே பேசும். பெரிய இடங்கள் நம்மைச் சும்மா விட்டிருப்பது நம் தைரியத்துக்குக் கிடைத்த மரியாதை என்று நினைத்துக்கொள்கிறோம். நம் பேச்சில் அவர்களைத் தொடுகிற தகவல் ஒன்றும் இல்லை என்பதும் காரணமாக இருக்கலாம்.

ஆகவே உப்பு தின்னத்தான் வேண்டும். தின்றபின் என்ன செய்வது? 2023 அக்டோபருக்குப் பிறகு இஸ்ரேல்-காஸா யுத்தம் பற்றியும் கனடாவில் யூத வெறுப்பு பற்றியும் பிரௌன் பேசியவை அவர் கேட்போரில் ஒரு பகுதியினருக்குப் பிடிக்கவில்லை. கோபித்துக்கொண்டு சந்தாவை நிறுத்தியவர்கள் உண்டு. அவர் சொன்னது சரியா என்ற கேள்வியில் நான் இங்கே இறங்கவில்லை, அது தனி விவாதம். உப்பிட்டவனின் முகம் சுளிக்கும் என்று தெரிந்தும் ஒருவர் பேசினார் என்பதே இங்கே விஷயம். இதைக் கொண்டு அவர் சுதந்திரமானவர் என்று சர்டிபிகேட் எழுத நம்மில் பலருக்குக் கை துறுதுறுக்கும். அது அவசரம். கேட்பவனைக் கோபப்படுத்தியதாலேயே ஒரு பேச்சு உண்மையாகிவிடாது. வாசகனை உதைப்பதையே நேர்மை என்று கொண்டாடிய விமர்சகர்களை நாம் பார்த்திருக்கிறோம். அவர்களும் கைதட்டலுக்குத்தான் உதைத்தார்கள், கைதட்டியவர்கள் வேறு வரிசையில் இருந்தார்கள். தவிர, விலகியவன் கொடுங்கோலன் என்றும் சொல்ல முடியாது. அவனுக்கும் மனச்சாட்சி உண்டு. இனி உனக்குத் தரமாட்டேன் என்பது அவனால் எழுத முடிந்த ஒரே விமர்சனமாகவும் இருக்கலாம்.

வெளியிலிருந்து பார்க்கிறவனுக்கு இதில் அத்தாட்சி கிடைக்காது என்றே நினைக்கிறேன். வந்த பணத்தையும் போன பணத்தையும் எண்ணி ஒருவருடைய சுதந்திரத்தை அளக்க முடியாது. பேசாமல் விட்ட வாக்கியம் எந்தப் பேரேட்டிலும் ஏறுவதில்லை. விட்டவனுக்கு மட்டுமே அது தெரியும். டெபாசிட் செய்தவருக்கு அவர் போட்ட பணம் திரும்பிவந்தால் வங்கியின் கடமை தீர்ந்தது. கேட்பவனுக்கு அவன் அபிப்ராயத்தையே வட்டியோடு திருப்பித் தந்தால் விமர்சகனின் கடமை தீர்ந்ததாகாது. அது அவன் ஏற்கெனவே வைத்திருந்தது. பழமொழியை இன்னொரு தரம் படித்துப் பார்த்தேன். நினை என்கிறதே தவிர, அவனுக்குப் பிடித்ததைச் சொல் என்று அது சொல்லவில்லை. நினைப்பதென்றால், அவனுக்குத் தெரியாத ஒன்றை அவனிடம் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன் என்று நினைப்பதாகவும் இருக்கலாம்.

இவ்வளவு சொன்னபின் என் கணக்கையும் காட்டியாக வேண்டும். இரண்டு வருஷம் முன்பு ஒரு நண்பரின் கவிதைத் தொகுப்புக்கு மதிப்புரை எழுதினேன். பிற்பாதிக் கவிதைகள் முற்பாதிக் கவிதைகளையே வேறு சொற்களில் திருப்பிச் சொல்கின்றன, இவர் தன் குரலில் தானே மயங்கத் தொடங்கிவிட்டார் என்று ஒரு பத்தி இருந்தது. அனுப்புவதற்கு முதல் நாள் ராத்திரி அந்தப் பத்தியை அடித்தேன். யாரும் அடிக்கச் சொல்லவில்லை. பத்திரிகை எனக்கு ஒரு பைசா தரவில்லை, தருவதாகவும் இல்லை. நண்பர் ஞாயிற்றுக்கிழமைகளில் என் வீட்டுக்கு வருவார், காப்பி சாப்பிடுவார், நான் எழுதியதைப் படித்துவிட்டு ஒரு வார்த்தை சொல்வார். அந்த ஒரு வார்த்தைதான் என் சம்பளம் என்று அடிக்கும்போது எனக்குத் தெரியவில்லை. முந்நூறு பேர் படிக்கிற பத்திரிகையில் ஒருவர் முகத்துக்காக நான் விழுங்கியதை, கனடாவில் ஒருவர் ஆயிரக்கணக்கானவர்களின் சந்தாவைப் பணயம் வைத்து விழுங்கவில்லை என்று யோசிக்கும்போது, கூலியில்லாத எழுத்தின் பரிசுத்தம் பற்றி நான் மேடையில் பேசியவையெல்லாம் நினைவுக்கு வருகின்றன.

அந்தத் தொகுப்புக்குப் பின் நண்பரின் இன்னொரு தொகுப்பு வந்துவிட்டது. அதிலும் அதே மயக்கம், இப்போது கூடுதலாக. நான் சொல்லியிருந்தால் மாறியிருக்கும் என்று சொல்லவில்லை. அவர் இந்தக் கட்டுரையைப் படிப்பார், யாரைப் பற்றி என்று அவருக்குத் தெரிந்துவிடும். அச்சில் வருவதற்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை நேரில் சொல்லியிருக்க வேண்டும். நான்கு ஞாயிறு போய்விட்டது.